லேப்டாப்புக்கு முழு பேக்கப்: எந்த மென்பொருள், யார் கையால்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. சென்ற ஆண்டு வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம் இருக்கிறது. 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் ஏறக்குறையப் பாதி நிரம்பிவிட்டது. குடும்பப் புகைப்படங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், ஓய்வூதியக் கணக்குகள் எல்லாம் அதில்தான் உள்ளன. லேப்டாப்பை வாங்கிய கடையிலேயே, 2,000 ரூபாய் கொடுத்தால் முழு டிஸ்க் இமேஜ் எடுத்து, அதற்கான விலை உயர்ந்த மென்பொருளையும் ‘லைஃப்டைம்’ பதிப்பாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா? இல்லையென்றால் எந்த மென்பொருளை நம்பலாம்? ஒன்டிரைவில் படங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. அது மட்டும் போதாதா?

பதில்: கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல கடையில் ரசீதுடன் 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் வாங்குங்கள். வீம் நிறுவனத்தின் ‘வீம் ஏஜென்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்’ என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பை, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வார்கள். அதைத் தவிர உங்களுக்குச் செலவில்லை. புகைப்படங்களையும் பத்திர ஸ்கேன்களையும் அதே ஹார்ட் டிஸ்கில் தனி ஃபோல்டராகச் சாதாரணமாக நகல் எடுத்து வையுங்கள். உங்கள் நிலையில் உள்ள ஒருவருக்கு இது போதும்.

இமேஜ் எடுப்பதோடு தனி நகலும் ஏன் தேவை என்று நீங்கள் கேட்கக்கூடும். இமேஜ் என்பது விண்டோஸ், நிரல்கள், அமைப்புகள், கோப்புகள் அனைத்தையும் சேர்த்து, டிஸ்க் அந்த நேரத்தில் இருந்தபடியே ஒரு பெரிய கோப்பாக எடுத்து வைப்பது. எஸ்எஸ்டி செத்துப்போனால் புதியதை மாட்டி, அந்த இமேஜை இறக்கினால் லேப்டாப் பழைய நிலைக்கு அப்படியே திரும்பிவிடும். ஆனால் அந்தப் பெரிய கோப்பைத் திறக்க அதை உருவாக்கிய மென்பொருளே வேண்டும், மென்பொருள்களுக்கோ நிரந்தர ஆயுள் கிடையாது. ஒரு காலத்தில் கடைக்குக் கடை இருந்த நார்ட்டன் கோஸ்ட் 2013-இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. வீட்டுப் பயனர்கள் பெரிதும் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு நின்றது. விண்டோஸிலேயே உள்ள ‘சிஸ்டம் இமேஜ்’ வசதியை இனி மேம்படுத்தப்போவதில்லை, வேறு மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த வசதி இன்றுவரை கண்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் 7’ என்ற பெயரோடு கிடக்கிறது. கைவிட்ட ஒன்றைக் கண்ணில் படும்படி இத்தனை ஆண்டு வைத்திருந்து, அதை நம்பிப் பேக்கப் எடுப்பவர்களை எச்சரிக்காமல் இருப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை. அதனால்தான் எந்த மென்பொருளும் இல்லாமல் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய சாதாரண நகலாகப் படங்கள் இருக்க வேண்டும் என்கிறேன். இமேஜ் லேப்டாப்பை மீட்பதற்கு. படங்களுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி அந்த ‘லைஃப்டைம்’ பதிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பல சர்வீஸ் கடைகளில் இது அன்றாட வழக்கமாகிவிட்டது. பெரிய நிறுவனங்களின் இமேஜ் மென்பொருள்கள் இன்று பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவாகவே விற்கப்படுகின்றன. சந்தாவாக மட்டுமே விற்கப்படும் ஒன்றை 2,000 ரூபாய்க்கு வாழ்நாள் முழுவதற்கும் தருவதாக ஒருவர் சொன்னால், அவர் தருவது கிராக் செய்த பிரதி, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. இதில் ஐயத்துக்கு இடமில்லை. அதை நிறுவும்போது முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அல்லது உங்களிடம் சொல்லாமலே அணைப்பார்கள். பேக்கப் மென்பொருள் டிஸ்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்க வேண்டியிருப்பதால் கணினியிலேயே மிக உயர்ந்த அனுமதியோடு இயங்குவது. அந்த அனுமதியை, யார் திருத்தினார் என்றே தெரியாத ஒரு நிரலுக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள். உலகெங்கும் வீட்டுக் கணினிகளை நாசமாக்கிய ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தீய நிரல்) முக்கியமாகப் பரவியதே இத்தகைய கிராக்குகளோடும் போலிச் சாவி நிரல்களோடும்தான். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அந்த ரேன்சம்வேரின் 148 வகைகளுக்கான மீட்புக் கருவியை இலவசமாக வெளியிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த வகைகள் பலவற்றுக்கு அது பயன்படவில்லை, பலரும் தங்கள் படங்களை நிரந்தரமாக இழந்தார்கள். பாதுகாப்புக்காக நிறுவிய மென்பொருளின் வழியாகவே திருடன் உள்ளே வருவதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

கிராக் பிரதியில் வைரஸே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அது பயன்படாது. உண்மையான நிறுவனத்தோடு தொடர்புகொண்டால் குட்டு வெளிப்படும் என்பதால் அதன் அப்டேட்டுகளை முடக்கியிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து விண்டோஸ் மாறியிருக்கும், எஸ்எஸ்டி மாறியிருக்கும், மென்பொருள் மட்டும் பழைய நிலையில் நிற்கும். மீட்க வேண்டிய நாளில் திரையில் பிழைச் செய்தி வந்தால் நிறுவனத்திடம் உதவி கேட்கவும் உங்களுக்கு வழியிருக்காது.

இன்னொன்று. கடையில் எடுக்கும் இமேஜ் முதலில் கடையின் ஹார்ட் டிஸ்கிலேயே இறங்கக்கூடும். உங்கள் ஆதார், பான் ஸ்கேன்கள், பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், பத்திரங்கள் எல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அதை அழித்தார்களா என்று உங்களால் பார்க்க முடியாது. அந்த இமேஜை ‘சலுகை விலையில்’ 2 டிபி பென் டிரைவில் போட்டுத் தருவதாகச் சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அத்தகைய பென் டிரைவ்களில் உண்மையில் 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி அதன் உள்நிரலை மாற்றியிருப்பார்கள். நகல் எடுக்கும்போது எல்லாம் சரியாக ஏறியதாகவே தோன்றும். திறக்கும் நாளில்தான் கோப்புகள் கெட்டிருப்பது தெரியும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அது உருவாக்கித் தரும் மீட்பு பென் டிரைவ் உங்கள் லேப்டாப்பில் இயங்குகிறதா, இயங்கிய பின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியும் வெளியே செருகிய ஹார்ட் டிஸ்கும் இரண்டுமே அதன் கண்ணுக்குத் தெரிகின்றனவா? எத்தனை வசதிகளை விளம்பரப்படுத்தினாலும் இதில் தவறினால் அந்த மென்பொருள் உங்களுக்குரியது அன்று. வீமை நிறுவியதும் ‘ரெக்கவரி மீடியா’ உருவாக்கும் பகுதிக்குப் போங்கள். இந்தக் கணினியின் டிரைவர்களையும் (உதிரிப் பாகங்களை இயக்கும் சிறு நிரல்களையும்) சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் கட்டாயம் ஆம் என்று குறியுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற ஏற்பாடு இயங்குவதால், அதற்கான டிரைவர் இல்லாத மீட்பு பென் டிரைவுக்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியே தெரியாது. இமேஜ் எடுத்த அதே நாளில், லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கும்போது பூட் மெனு (எதிலிருந்து இயங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவா, ஏசர் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். மீட்புத் திரை வந்து, உங்கள் இமேஜின் தேதி பட்டியலில் தெரிந்தால் போதும். அதற்கு மேல் எதையும் அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.

குளோன்சில்லா என்ற தைவான் நாட்டு இலவச மென்பொருளையும் அதே வேலையை எளிய திரையில் செய்யும் ரெஸ்க்யூசில்லாவையும் சிலர் பரிந்துரைப்பார்கள். இரண்டும் நேர்மையானவை, நல்லவை. ஆயினும் உங்களுக்கு நான் அவற்றைச் சொல்லாததற்குக் காரணம் உங்கள் லேப்டாப்பில் இருக்கக்கூடிய ஒரு வசதி. இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தவுடன் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது, அதாவது சாவியின்றி யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. ஹோம் பதிப்பில் இதற்கு ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று பெயர். உள்ளே இருப்பது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு வசதி. லேப்டாப் திருடு போனால் இது நல்ல காவல்தான். ஆனால் வாங்கியவருக்கு விளங்கும்படி இதை யாரும் சொல்வதில்லை, சாவியை எழுதி வைக்கும்படி கேட்பதும் இல்லை. மதர்போர்டு மாறினாலோ பயாஸில் (விண்டோஸுக்கு முன் லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் நிரலில்) சில அமைப்புகளை மாற்றினாலோ ஒரு நாள் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். குளோன்சில்லா போன்றவற்றை இயக்குவதற்காக செக்யூர் பூட்டை (அங்கீகரிக்கப்படாத நிரல்கள் லேப்டாப்பைத் தொடக்காமல் தடுக்கும் காவலை) அணைப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான். மேலும், குறியாக்கம் செய்த டிஸ்கை வெளியிலிருந்து படிக்கும் மென்பொருளுக்கு எது கோப்பு, எது காலியிடம் என்று தெரியாததால், 512 ஜிபியையும் அப்படியே பிரதியெடுக்கும். விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் வீமுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நிரம்பிய பகுதியை மட்டும் படிக்கும். ஆனால் அது எடுக்கும் இமேஜில் அந்த பிட்லாக்கர் குறியாக்கம் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்: அந்த ஹார்ட் டிஸ்கை எடுத்தவர் யாரும் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். ஆகவே அது பீரோவில் பூட்டி வைக்க வேண்டிய பொருள். மீட்ட பிறகு என்கிரிப்ஷனை நீங்களே மீண்டும் இயக்கவும் வேண்டியிருக்கும்.

அந்த 48 இலக்கச் சாவி எங்கே இருக்கிறது? முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் லேப்டாப் திறக்கப்பட்டதோ அந்தக் கணக்கில். லேப்டாப்பைக் கடையிலேயே ‘செட்டப்’ செய்து கொடுத்திருந்தால், கடை ஊழியர் தன் வசதிக்காகத் தன் கணக்கையோ அவசரத்துக்கு உருவாக்கிய ஏதோ ஒரு கணக்கையோ பயன்படுத்தியிருக்கக்கூடும். அப்படியானால் உங்கள் டிஸ்கின் சாவி இன்று உங்களிடம் இல்லை. இமேஜ் எடுப்பதற்கு முன்பே இதைச் சரிபாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கோடு மைக்ரோசாஃப்ட் தளத்துக்குள் சென்று, சாதனங்களின் பட்டியலில் இந்த லேப்டாப்பும் அதன் பிட்லாக்கர் சாவியும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். லேப்டாப்பிலேயே ஒரு கோப்பாகச் சேமிப்பது வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பானது. தெரியவில்லையென்றால், செட்டிங்ஸில் பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, அது முழுவதும் விலகும்வரை சார்ஜரில் வைத்திருங்கள். பிறகு உங்கள் சொந்தக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டராக்கி, அதன் வழியாக உள்ளே நுழைந்து மீண்டும் இயக்குங்கள். புதிய சாவி உங்கள் கணக்கில் வந்து சேரும்.

ஒன்டிரைவ் போதுமா என்றால், போதாது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. அதைவிட முக்கியமாக, அது செய்வது ஒத்திசைவு: லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை நீங்கள் தவறுதலாக அழித்தால் அங்கும் அழியும். அழித்தவை 30 நாள் மட்டும் குப்பைத் தொட்டியில் இருக்கும். இருப்பது இருக்கட்டும், கூடுதல் பிரதியாக மட்டும் கொள்ளுங்கள்.

வீம் அமைப்புகளில் இரண்டை மட்டும் பார்த்துக் குறியுங்கள். ஹார்ட் டிஸ்கைச் செருகியவுடன் பேக்கப் தானாகத் தொடங்கும்படி ஒன்று; பேக்கப் முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைத் தானாக வெளியேற்றும்படி மற்றொன்று. இரண்டாவது மிக முக்கியம், ஏனென்றால் ரேன்சம்வேர் தாக்கும் நேரத்தில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்கையும் அது சேர்த்தே பூட்டும். வெளியேறிவிட்டது என்ற அறிவிப்பு வந்ததும் வயரையும் பிடுங்கிவிடுங்கள். முதல் பேக்கப் மணிக்கணக்கில் ஓடலாம். அடுத்தடுத்த முறைகளில் மாறிய பகுதிகள் மட்டும் சேர்வதால் விரைவாக முடியும். மாதம் ஒரு முறை, ஓய்வூதியம் வரவான நாளில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. படங்களின் தனி நகலையும் அன்றே புதுப்பித்துவிடுங்கள்.

வசதி இருக்கும்போது இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, படங்களையும் பத்திர ஸ்கேன்களையும் மட்டும் அதில் நகல் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வாரன்டி காலத்தில் எஸ்எஸ்டி பழுதானால் சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் பழையதை வாங்கிக்கொண்டுதான் புதியதைத் தருவார்கள், பழையதில் இருந்த தரவுக்கும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆகவே லேப்டாப்பை எந்தப் பழுதுக்காகவும் கையை விட்டுக் கொடுப்பதற்கு முன், அது இயங்கும் நிலையில் இருந்தால், ஒரு முறை பேக்கப் எடுத்துவிட்டே கொடுங்கள்.