17.38 டிகிரி

அன்புள்ள ஐயா,

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு மாணவன். ஆராய்ச்சிக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்தத் துறை என்பதில்தான் குழப்பம். வானியல் படித்தால் வானியல், மூளையைப் பற்றிப் படித்தால் நரம்பறிவியல் என்று மனம் தாவுகிறது. விளையாட்டு உயிர்இயக்கவியல் (உடல் அசைவுகளை இயற்பியல் கொண்டு ஆராய்வது) மேல் தனி ஈர்ப்பு உண்டு. நுகர்வோர் நடத்தை ஆய்வுகளும் பிடிக்கும், ஆனால் அதெல்லாம் அறிவியலே இல்லை என்கிறான் என் அண்ணன். இவற்றில் எது உண்மையான அறிவியல்? எதில் எதிர்காலம் இருக்கிறது? என் ஆங்கிலம் சுமார்தான், அது தடையாகுமா? செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஆராய்ச்சியாளர்களுக்கு வேலை இருக்குமா?

சும்மா இருக்காமல் ஒரு சிறிய ஆய்வும் செய்து பார்த்தேன். எங்கள் கல்லூரி அணியில் ஆஃப் ஸ்பின் போடும் முதலாமாண்டுப் பையன் ஒருவன் பந்தை எறிகிறான் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவன் போடுவதை மொபைலில் விநாடிக்கு 60 ஃபிரேம் வைத்துப் படமெடுத்து, கோணம் அளக்கும் செயலியில் போட்டேன். முழங்கை 17.38 டிகிரி நீள்கிறது என்று வந்தது. ஐசிசி வரம்பு 15. கேப்டனிடம் சொன்னேன். இப்போது அவன் பந்து போடுவதில்லை. இதைக் கட்டுரையாக எழுதினால் எங்காவது வெளியிடுவார்களா?

செ., பாளையங்கோட்டை

அன்புள்ள செ.,

எந்தத் துறை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என் கண் போய் நின்றது உங்கள் கடைசிப் பத்தியில். அளவெடுப்பதைப் பற்றியும் அளவில் வரும் பிழையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதை எழுத வைத்துவிட்டது.

ஆங்கிலம் படிக்கப் படிக்க வந்துவிடும். செயற்கை நுண்ணறிவைப் பற்றி இப்போதே கவலைப்பட்டு உட்கார வேண்டாம். அண்ணன் சொன்னதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

17.38 என்று எழுதியிருக்கிறீர்கள். புள்ளிக்குப் பின்னால் அந்த இரண்டு இலக்கம் எங்கிருந்து வந்தது? செயலி வகுத்துக் கொடுத்ததை அப்படியே எடுத்து எழுதிவிட்டீர்கள். வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழை, அதாவது பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் பிழை, எவ்வளவு என்று பார் என்று உங்களுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு கம்பியின் விட்டத்தை அளப்பதற்குக் காட்டிய அந்தக் கவனத்தை, ஒரு பையனின் ஆட்டத்தையே நிறுத்தக்கூடிய அளவில் நீங்கள் காட்டவில்லை. இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும்.

விதி என்ன சொல்கிறது? மேற்கை கிடைமட்டத்துக்கு வரும் கணத்திலிருந்து பந்து கையை விடும் கணம் வரை முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதுதான் கணக்கு. கை மடங்கியிருப்பதில் குற்றமில்லை. நீள்வதற்குத்தான் வரம்பு. அந்த இடைவெளி ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் அதற்குள் உங்களுக்குக் கிடைத்தது ஆறு படம். பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் விநாடிக்கு 22 மீட்டர்; இரண்டு படத்துக்கு நடுவில் அது 37 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்து கையை விட்டது எந்தப் படத்தில்? உங்களால் சொல்ல முடியாது. ஒரு படம் முன்னே பின்னே போனாலும் கோணம் மாறிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருக்கிறது. முப்பரிமாணத்தில் நடப்பதை ஒரே கேமராவில், தட்டையான படத்தில் பார்த்திருக்கிறீர்கள். இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் மர அளவுகோல் இரண்டை எடுத்து, 30 டிகிரி மடிப்பு இருக்கும்படி திருகாணி போட்டு அசையாமல் முடுக்குங்கள். மேல் அளவுகோலை மேற்கையாக நினைத்து, அதன் அச்சிலேயே மெதுவாகத் திருப்பிக்கொண்டே மொபைலில் படமெடுங்கள். மடிப்பின் தளம் கேமராவுக்கு நேராக இருக்கும்போது படத்தில் 30 டிகிரி தெரியும். 60 டிகிரி திருப்பியதும் 16தான் தெரியும். முழுதாக 90 திருப்பினால் கை நேராகவே தெரியும். திருகாணி துளிகூட அசையவில்லை; ஆனால் 60 டிகிரி திருப்பியதற்கே உங்கள் செயலி 14 டிகிரி நீட்டம் என்று சொல்லும். ஆஃப் ஸ்பின் போடும்போது மேற்கை உள்பக்கமாக நன்றாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைத்தான் நீங்கள் நீட்டம் என்று அளந்திருக்கக்கூடும்.

முத்தையா முரளிதரனின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் டெஸ்டில் அவர் எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை நோபால் கொடுத்தார். பிறவியிலேயே அவர் முழங்கை முழுவதும் நீளாது. 2004-இல் எஃகுக் கம்பிகள் வைத்த கட்டு ஒன்றைக் கையில் மாட்டி, முழங்கை அசைய வழியே இல்லாதபடி செய்து கேமரா முன்னால் பந்து போட்டுக் காட்டினார். வெறும் கண்ணுக்கு அப்போதும் எறிவது போலத்தான் தெரிந்தது. அதுவரை விதியில் சுழல்பந்துக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 டிகிரி என்று இருந்தது. யாரும் சந்தேகப்படாத வேகப்பந்து வீச்சாளர்கள்கூட 10 டிகிரியைத் தாண்டுகிறார்கள் என்று அதிவேகக் கேமராக்கள் காட்டிய பிறகுதான், 2005-இல் எல்லோருக்கும் 15 என்று வந்தது. அளவெடுக்கும் முறை மாறியதால் மாறிய விதி இது. அந்த விதியின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டீர்கள்.

ஆய்வகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை உடம்பில் ஒட்டி, சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள் வைத்து, விநாடிக்கு 250 படம் போல எடுப்பார்கள். அங்கும் பிழை நம்மை விடாது. உருண்டை ஒட்டியிருப்பது தோலில். அளக்க வேண்டியது எலும்பை. கை வேகமாகச் சுழலும்போது தோல் வழுக்கும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள முன்கையில் ஒரு முனையின் உருண்டை பக்கவாட்டில் 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் கோணம் 2.3 டிகிரி தவறும். மேற்கையிலும் அப்படியே நடந்து இரண்டு பிழையும் ஒரே திசையில் சேர்ந்தால் 4.6. வரம்பே 15தான் என்பதை நினைவில் வையுங்கள். அதனால்தான் மூன்று மூன்று உருண்டைகளை விறைப்பான தகட்டில் பொருத்தி, சதை குறைவாக அசையும் இடம் பார்த்துக் கட்டுகிறார்கள்.

அடுத்து வேகம், முடுக்கம் என்று போவீர்கள். அதற்கும் ஒரு எச்சரிக்கை. 250 ஃபிரேமில் ஒரே ஒரு படத்தில் ஒரு புள்ளி 1 மில்லிமீட்டர் தவறினால் வேகத்தில் விநாடிக்கு 0.25 மீட்டர் பிழை. முடுக்கத்தில் அந்த இடத்தில் 125 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். இதைத் தணிக்க வடிகட்டி போடுவார்கள்; ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ள வேகமான நடுக்கங்களை வெட்டிவிடும் கணக்கு முறை அது. கடுமையாகப் போட்டால் உண்மையான உச்சமும் மழுங்கிவிடும், தளர்வாகப் போட்டால் பிழையால் வந்த நடுக்கம் அப்படியே நிற்கும். எந்த அதிர்வெண்ணில் வெட்டினோம், ஏன் அங்கே வெட்டினோம் என்று எழுதாத உயிர்இயக்கவியல் கட்டுரையை நான் நம்ப மாட்டேன்.

உங்கள் கையில் இருப்பதை வைத்தே மறுபடி அளக்கலாம். மொபைல் இரண்டு வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்கோணத்தில், ஸ்லோமோஷனில் 240 ஃபிரேமில் ஓடட்டும். நல்ல வெயிலில், ஷட்டரை 1/1000 விநாடிக்கு வையுங்கள். அப்போதுகூடக் கை 2 சென்டிமீட்டர் மங்கலாகத்தான் விழும். இரண்டு கேமராவுக்கும் தெரியும்படி ஒரு ஃபிளாஷ் அடித்தால் நேரம் பொருத்திக்கொள்ளலாம். பந்து போடும் இடத்தில் பிவிசி குழாயால் 1 மீட்டர் சட்டகம் செய்து வைத்து, ஒரே தளத்தில் இல்லாத குறைந்தது ஆறு புள்ளிகளைக் குறித்து முதலில் அதைப் படமெடுங்கள். முப்பரிமாண ஆயங்களைக் கணக்கிட அது வேண்டும்.

பிறகுதான் முக்கியமான சோதனை. பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, உள்ளே பஞ்சு வைத்து, முழங்கை அசையாதபடி கிரேப் பேண்டேஜ் சுற்றி, உங்கள் கையிலேயே கட்டுங்கள். மெதுவாகப் பத்துப் பந்து போடுங்கள். நீட்டம் பூஜ்யம் வர வேண்டும், வராது. 4 வரலாம், 9 வரலாம். அதுதான் உங்கள் சுழிப்பிழை. அந்தப் பத்து எண்களும் எவ்வளவு சிதறுகின்றன என்பது உங்கள் கருவியின் நம்பகம். கட்டுப் போட்ட கைக்கே 9 காட்டும் கருவி, அந்தப் பையனுக்கு 17 காட்டினால் அதை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது.

மற்ற துறைகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பல ஆண்டுகளாக விசித்திரமான துடிப்புகள் பதிவாகிக்கொண்டிருந்தன. அது ஒரே நேரத்தில் பதின்மூன்று கற்றைகளால் வானத்தின் வெவ்வேறு இடங்களைப் பார்க்கும்; வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வந்தால் அவற்றில் ஒன்றிரண்டில்தான் தெரிய வேண்டும். இவை எல்லாவற்றிலும் தெரிந்தன. 2015-இல் குறுக்கீட்டைக் கண்காணிக்கும் கருவியோடு ஒப்பிட்டபோது 2.4 கிகாஹெர்ட்ஸிலும் அதே நேரத்தில் சத்தம் இருந்தது. வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பை நேரம் முடியும் முன்னே திறந்ததுதான் காரணம். அதைக் கண்டுபிடித்ததால் விண்வெளியிலிருந்து வந்ததாக 2007-இல் அறிவிக்கப்பட்ட உண்மையான ரேடியோ வெடிப்பின் மேல் இருந்த சந்தேகமும் குறைந்தது. இயற்பியலில் ஓபெரா என்ற பரிசோதனைக் குழு 2011-இல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை 60 நானோவிநாடி முந்துகிறது என்று அளந்தது. சரியாகச் செருகாத ஒளியிழை இணைப்புதான் முக்கியக் காரணம் என்று சில மாதங்களில் அவர்களே கண்டார்கள். நரம்பறிவியலில் 2009-இல் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, அதன் மூளையிலும் ‘செயல்பாடு’ தெரிவதைக் காட்டினார்கள். மூளைப் படத்தில் 60,000 இடங்களை, தற்செயலாகத் தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுகோலில் தனித்தனியே சோதித்தால், ஒன்றுமே நடக்காவிட்டாலும் அறுபது இடம் ஒளிரத்தான் செய்யும்.

இனி உங்கள் அண்ணன். நுகர்வோர் நடத்தை ஆய்வுகளில், தேர்வுகள் அதிகமானால் வாங்குவது குறைகிறது என்று காட்டிய 2000-இன் ஜாம் ஆய்வு பிரபலம்: 24 வகை வைத்த மேசையில் நின்றவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். 2010-இல் ஐம்பது பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. அதோடு விடவில்லை, எந்தச் சூழ்நிலையில் அதிகத் தேர்வு ஆளைத் திணறடிக்கிறது என்று தேடிப் போனார்கள். தன் பேர்பெற்ற முடிவைத் தானே திருப்பிச் சோதிக்கும் துறையை அறிவியல் இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு உரிமை இல்லை.

எந்தத் துறை என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கட்டுரையும் வேண்டாம். முதலில் கேப்டனிடம் போய், நான் அளந்தது ஒரே கேமராவில், பிழை எவ்வளவு என்று பார்க்கவே இல்லை, அதை வைத்து அவனை நிறுத்தியது தவறு என்று சொல்லுங்கள். அந்தப் பையனிடமும் நேரில் சொல்லுங்கள், அவன் சம்மதித்தால் அவனையே வைத்து மறுபடி அளங்கள். உங்களுக்குத் தேடும் ஆர்வம் இருக்கிறது, கையில் இருந்ததை வைத்து இறங்கிச் செய்திருக்கிறீர்கள். பலர் அதைக்கூடச் செய்வதில்லை. கட்டுப் போட்ட கையின் பத்து எண்களையும் அவனுடைய பத்து எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து பார்க்கிறேன்.