காகமும் பனம்பழமும் பெனிசிலினும்

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிர்கொல்லிகள் பற்றிய உங்கள் கட்டுரையை என் உயர்தர உயிரியல் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு பொடியன் எழும்பி, "அப்ப ரீச்சர், பிளெமிங் லீவில போகாட்டி பெனிசிலினே இல்லையா? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதானே. பிறகு நாங்க ஏன் இவ்வளவத்தையும் பாடமாக்கிற?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆயத்தமான மனத்துக்கே தற்செயல் கைகொடுக்கும் என்று பாஸ்டர் சொன்னதை எடுத்துவிட்டுச் சமாளித்தேன். எனக்கே அது போதவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு விஞ்ஞான ஆசிரியை, களுவாஞ்சிகுடி

அன்புள்ள ரீச்சருக்கு,

பொடியன் கேட்டது நல்ல கேள்வி. பாஸ்டர் 1854இல் சொன்னதும் சரிதான். ஆனால் அது ஓர் ஆளின் மனத்தோடு நின்றுவிடுகிறது. காலமும் ஆயத்தமாக வேண்டும் அல்லவா?

பனம்பழம் விழுந்த விதம் பாடப்புத்தகக் கதையை விட அபூர்வமானது. 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து வந்த பிளெமிங், பற்றீரியா வளர்த்த தட்டொன்றில் பூஞ்சணம் பிடித்திருப்பதையும், அதைச் சுற்றிப் பற்றீரியா கரைந்து கிடப்பதையும் கண்டார். பூஞ்சணம் திறந்த யன்னலால் வந்தது என்பார்கள். கீழ்மாடியில் ஒருவர் பூஞ்சணங்களையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சரி, வந்து விழுந்தால் போதுமா? அந்தப் பூஞ்சணம் சுரக்கும் பெனிசிலின் தடுப்பது பற்றீரியாவின் கலச்சுவர் கட்டப்படுவதை. வளர்ந்து முடிந்த பற்றீரியாவை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆகவே பூஞ்சணம் முந்த வேண்டும், பற்றீரியா பிந்த வேண்டும். பூஞ்சணத்துக்குக் குளிர் தோது, அந்தப் பற்றீரியாவுக்குச் சூடு. லண்டனில் அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் சில நாள் குளிர், பிறகு வெக்கை. தட்டும் அடைகாப்பானுக்குள் போகாமல் வெளியிலேயே கிடந்தது. நம் மட்டக்களப்பு வெயிலில் கிடந்திருந்தால் பற்றீரியாதான் முந்தியிருக்கும்!

இவ்வளவு அதிர்ஷ்டத்துக்கும் பிறகு நடந்தது என்ன? பத்து வருடத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பிளெமிங் 1929இல் கட்டுரை எழுதினார். மருந்தைப் பிரித்தெடுக்க முடியவில்லை. 1935இல் டொமாக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் புரொன்ரோசில் என்ற மருந்தை வெளியிட்டு, உடம்புக்குள் புகுந்த பற்றீரியாவையும் மருந்தால் அடக்கலாம் என்று காட்டிய பிறகுதான் காற்று மாறியது. 1938 அளவில் ஒக்ஸ்போர்ட்டில் செயின் என்ற ஆய்வாளர் பழைய கட்டுரைகளைக் கிளறியபோது பிளெமிங்குடையது கையில் அகப்பட்டது. 25 மே 1940 அன்று எட்டு எலிகளுக்குக் கிருமி ஏற்றினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். விடிவதற்குள் மற்ற நான்கும் செத்தன. 1941இல் ஒரு பொலிஸ்காரருக்கு ஏற்றினார்கள். தேறி வந்தார், மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தை மீட்டு மறுபடி ஏற்றியும் போதாமல் இறந்துபோனார். பூஞ்சணம் வளர்க்க ஆஸ்பத்திரி பெட்பானையும் விடாமல் பயன்படுத்திய காலம் அது.

பிளெமிங் அந்தத் தட்டைக் கழுவிவிட்டிருந்தால்? 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் மண் நுண்ணுயிர்களைத் திட்டமிட்டுத் தேடி ஸ்ட்ரெப்டோமைசின் என்ற இன்னொரு நுண்ணுயிர்கொல்லியைப் பிடித்தார்கள். அங்கே யாரும் பனம்பழத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆகவே நுண்ணுயிர்கொல்லிகள் எப்படியும் வந்திருக்கும், பெனிசிலின் சில வருடம் பிந்தியிருக்கும் என்பது என் கணிப்பு. தற்செயலுக்கு நான் கொடுக்கும் பங்கு அந்தச் சில வருடமும் ஒரு பெயரும்தான். ஆனால் யுத்த காலத்தில் சில வருடம் என்றால் எத்தனை உயிர் என்று நம் ஊராருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

தற்செயல் மட்டும் வந்து, காலம் வராத கதையும் உண்டு. கலிலியோ 1612இலேயே தொலைநோக்கியில் நெப்டியூனைப் பார்த்துவிட்டார். நட்சத்திரம் என்று குறித்து வைத்தார். 1845-46இல் யுரேனஸின் பாதை பிசகுவதை வைத்து, அதை இழுக்கும் கோள் எங்கே என்று இங்கிலாந்தில் அடம்ஸும் பிரான்சில் லெவெரியேயும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். லெவெரியே சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள், தேடத் தொடங்கிய இரவே பெர்லினில் 1846இல் நெப்டியூனைக் கண்டுபிடித்தார்கள்.

நம் மட்டக்களப்பு வாவியையே எடுங்கள். நிலவு காலத்தில் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் பாட்டுக் கேட்கும் என்பது கல்லடியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 1848இல் வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ற் கேட்டு எழுதியும் வைத்தார். பாடுவது மீனா, ஊரி என்ற நத்தையா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. கேட்கும் வாய்ப்பு யாருக்கும் குறைவில்லை. குறைவானது அதன் பின்னால் வருடக்கணக்கில் அலையக் காசும் கருவியும் ஆளும். இது எனக்கு ஆற்றாமைதான்.

ஏன் பாடமாக்க வேண்டும் என்றும் கேட்டானே. 1932இல் ஒரு குழு பெனிசிலினை அமிலமாக்கிய திரவத்திலிருந்து ஈதருக்கு மாற்றும்வரை வந்துவிட்டது. ஈதரை ஆவியாக்கியதும் மருந்தின் வீரியம் போய்விட்டது, கைவிட்டார்கள். ஒக்ஸ்போர்ட்டில் செயினோடு வேலை செய்த ஹீற்லி ஆவியாக்கவில்லை. ஈதரிலிருந்ததைச் சற்றுக் காரமான நீருக்குத் திருப்பி எடுத்தார், அவ்வளவுதான். பொடியன் இரசாயனவியல் வகுப்பில் பங்கீட்டுக் குணகம் (ஒரு பொருள் இரண்டு திரவங்களுக்கிடையே பங்குபோகும் விகிதம்) என்று கணக்குச் செய்வதன் அடிப்படையும் இதுதான். அந்தப் பாடத்தை அவன் வெறுக்கிறானா என்று கேட்டு எழுதுங்கள்.