படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு யார் யார் போவது? கேள்வி பதில்

நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கும் நோயாளிகளைக் கவனிப்பதில் ஊர்த் தன்னார்வக் குழுக்களும் அரசு மருத்துவத் துறையும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் உறுப்பினர் ஒருவர் பதில் அளிக்கிறார். இவர் கேரளத்தின் மலப்புரத்தில் தன்னார்வலராகப் பயிற்சி பெற்றவர். பதினோரு ஆண்டுகளாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊர்க்குழுக்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இடையே ஒருங்கிணைப்பாளராக இருப்பவர்.

கேள்வி (நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்): எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்க விரும்புகிறோம். மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசே வீடு தேடி வரும்போது எங்களுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது, ஐயா. ஆனால் அது செவிலியரின் வேலை அல்ல. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் (தீராத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைப்பது அவர் வேலை) இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகளும் வந்து சேருகின்றன. ஆனால் எங்கள் பகுதியில் அந்தச் செவிலியர் ஏராளமான ஊர்களைச் சுற்ற வேண்டியிருப்பதால், ஒரு வீட்டுக்கு மாதம் ஒருமுறையோ இருமுறையோதான் அவரால் வர முடிகிறது. வந்தால் சிறுநீர்க் குழாயை மாற்றுவார், படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவார், மாத்திரையைச் சரிபார்ப்பார், அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் இருப்பவர்களால்தான் முடியும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதத்தில் விழுந்த ஒரு கொத்தனார். மனைவி முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். இரத்த அழுத்தம் இறங்கவில்லையே என்று மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். எங்கள் குழுவிலிருந்து வாரம் ஒருமுறை போய்வந்த பெண்மணி, ஒரு நாள் அடுப்படியில் காப்பித்தூள் தேடியபோது, பழைய தைல டப்பா ஒன்றில் பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள் நிறைந்திருப்பதைப் பார்த்தார். அடுத்த மாதம் மாத்திரை வராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் அந்த அம்மா ஒவ்வொரு மாத்திரையிலும் பாதியைச் சேமித்து வைத்திருந்தார். மருத்துவர் கேட்டிருந்தால் அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார். காப்பி போட உரிமை உள்ள ஒருவரின் கண்ணில்தான் அது பட்டது. உங்கள் பன்னிரண்டு பேருக்கும் வேலை அந்த இடத்தில்தான் இருக்கிறது: பார்ப்பது, கேட்பது, பார்த்ததைச் செவிலியரிடம் கொண்டு சேர்ப்பது, இரவெல்லாம் விழித்த மனைவியை இரண்டு மணி நேரம் உறங்க விடுவது, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பது.

கேள்வி (தென்காசி, மகளிர் சுய உதவிக் குழுச் செயலாளர்): கேரளத்தில் இது ஊருக்கு ஊர் நடக்கிறது என்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் ஏன் அப்படி வரவில்லை?

பதில்: மனம் அங்கே பெரியது, இங்கே சிறியது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. காரணம் அமைப்பிலும் பணத்திலும் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் உடன் நின்றவர்களும் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள் (நோய்த்தணிப்பு என்பது நோய் ஆதரவுச் சிகிச்சைதான்). சில ஆண்டுகளிலேயே, மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வர முடியாதவர்கள் வீட்டிலேயே கிடக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்தது. அதன் விளைவாக 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரத்திலும் அதைச் சூழ்ந்த வட மாவட்டங்களிலும் ‘அண்டை வலைப்பின்னல்’ என்ற முறை உருவானது. ஊர்க்காரர்களே குழுவாகி, நோயாளிகளைக் கண்டறிந்து, கடைகளில் உண்டியல் வைத்துப் பணம் சேர்த்து, செவிலியருக்குச் சம்பளம் கொடுத்து, மருத்துவரைத் தாங்களே ஏற்பாடு செய்தார்கள். முடிவெடுக்கும் இடத்தில் ஊர் இருந்தது. மருத்துவர் அழைக்கப்பட்டவராக இருந்தார். வரிசை அங்கே தலைகீழாக இருந்ததை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வழியாகக் கேரள அரசு தன் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஊராட்சிகளின் பொறுப்புக்கு வந்தன. ஆகவே 2008-இல் அந்த மாநிலம் நோய்த்தணிப்புக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டபோது (இந்தியாவில் அதுதான் முதலாவது), ஊராட்சியால் தன் நிதியிலிருந்தே ஒரு சமூகச் செவிலியரை நியமித்து வீட்டுச் சேவையை நடத்த முடிந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையமோ பொது சுகாதாரத் துறையின் நேரடி ஆளுகையில் இருக்கிறது. நம் ஊராட்சித் தலைவர் விரும்பினாலும் அந்தச் செவிலியருக்கு ஒரு நாள் வேலையை மாற்றிக் கொடுக்க முடியாது.

அதனால் மலப்புரத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள். இங்கே வழி வட்டார மருத்துவ அலுவலரிடமிருந்தும் கிராம சுகாதாரச் செவிலியரிடமிருந்தும் தொடங்குகிறது. உங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது, சகோதரி: இங்கே வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் உங்களைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்தே எடுக்கப்பட்டவர்கள். உங்கள் ஊரில் அந்தப் பெண் யார் என்று முதலில் பாருங்கள். அநேகமாக உங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருப்பவராகத்தான் இருப்பார்.

கேள்வி (ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்): மன்னிக்கவும், என் அனுபவம் கசப்பானது. குழுக்கள் நிழற்படம் எடுக்க வருகின்றன. சிலர் நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்த நம்பிக்கையில் இவர்களைச் சேர்த்துக்கொள்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, டாக்டர். நானும் அதைக் கண்டிருக்கிறேன். ஒரு குழு, புற்றுநோய் முற்றிய பெண்ணின் கையில் பழக்கூடையைக் கொடுத்து நிற்க வைத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டது. என்ன நோய் என்று அதுவரை தெரியாதிருந்த அவருடைய மகள் பள்ளியில் வைத்து அதைத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து எங்கள் பக்கம் வீட்டுக்குள் கைபேசிக் கேமராவை எடுத்தவர் அடுத்த முறை வருவதில்லை. விதிவிலக்கு கிடையாது, நன்கொடையாளருக்கும் கிடையாது.

பயிற்சி இல்லாதவரை அனுப்பாதீர்கள். கேரளத்தில் தன்னார்வலருக்குப் பதினாறு மணி நேர வகுப்பும், அனுபவமுள்ளவர்களோடு நான்கு வீட்டுச் சந்திப்புகளும் முடிந்த பிறகே பொறுப்பு தருவது வழக்கம். அந்த வகுப்பில் பெரும்பகுதி, பேசாமல் கேட்கப் பழகுவதுதான். மருந்தைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லக் கூடாது என்பது முதல் மணி நேரத்திலேயே வந்துவிடும். நோயாளியின் வீட்டிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். செவிலியரும் தன்னார்வலரும் இயன்முறை சிகிச்சையாளரும் அதே நோட்டில் தேதியிட்டு எழுதட்டும். யார் எதைச் சொன்னார் என்ற சண்டையில் பாதி அதோடு ஒழிந்துவிடும்.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் குழுவின் ஒருவருக்கு நாற்காலி கொடுங்கள். ‘எங்கள் முகாமுக்கு ஆள் திரட்டிக் கொடுங்கள்’ என்று மட்டும் வருடம் முழுவதும் கேட்கப்படும் குழு, கடைசியில் நிழற்படக் குழுவாகத்தான் மாறும். முடிவில் பங்கு இல்லாதவருக்குப் படம்தான் மிஞ்சுகிறது.

கேள்வி: தொலைவில் இருக்கும் நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரையைக் குழு வாங்கி வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம், மார்ஃபின் உள்ளிட்ட சில வலிநீக்கிகளை இன்றியமையாப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வாங்கி வைத்திருந்து வழங்குவதை எளிதாக்கியது. அந்த எளிமை நிறுவனத்துக்குத்தான், உங்கள் குழுவின் அலமாரிக்கு அல்ல. மருந்துச் சீட்டோடு குடும்பத்தார் போய்வரப் பேருந்துக் கட்டணம் கொடுங்கள், கூடப் போங்கள். நோயாளி இறந்துவிட்டால் மீந்த மாத்திரையை எண்ணி, எழுதி, கொடுத்த இடத்திலேயே திரும்ப ஒப்படைக்க வீட்டாருக்கு உதவுங்கள்.

கேள்வி (தேனி, நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்): புண்ணைக் கட்டி முடித்ததும் பழைய பஞ்சையும் குழாயையும் வீட்டார் ஓடையில் எறிந்துவிடுகிறார்கள். குழுவிடம் இதைக் கேட்கலாமா, சிஸ்டர்?

பதில்: தாராளமாகக் கேளுங்கள்; ஆனால் எடுத்துப் போகும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி சீழ்பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பைக்கும், சிறுநீர்ப் பையும் குழாயும் சிவப்புப் பைக்கும், ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலனுக்கும் போக வேண்டும். உங்கள் வண்டியிலேயே மூன்றையும் வைத்துக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். இடைப்பட்ட நாட்களில் வீட்டார் கட்டு மாற்றினால் எதில் போட்டு மூடி வைப்பது என்று குழு சொல்லிக் கொடுக்கட்டும். நான் சிஸ்டர் இல்லை, சும்மா ஒருங்கிணைப்பாளர்தான். ஆனாலும் அப்படியே கூப்பிடுங்கள், பழகிவிட்டது.

கேள்வி (மார்த்தாண்டம், வணிகர்): பணத்துக்கு என்ன செய்வது? உடனே அறக்கட்டளையாகப் பதிவு செய்துவிடலாமா?

பதில்: ஆறு மாதம் பொறுங்கள். பதிவு, வருமானவரி விலக்குச் சான்று, கணக்குத் தணிக்கை என்று இறங்கிவிட்டால் முதல் வருடம் முழுவதும் காகிதத்திலேயே போய்விடும். எத்தனையோ குழுக்கள் லெட்டர்பேடு அச்சடித்த கையோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்களைச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது என்பது உண்மை. அந்தப் பணத்தைப் பெற ஒருநாள் பதிவு தேவைப்படும். ஆனால் அது கட்டடத்துக்கும் ஆம்புலன்சுக்கும் எளிதாக வரும், ஒரு வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகும் பெட்ரோலுக்கு வராது. மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கும் நூறு பேர் ஊருக்குள் இருந்தால், அந்த நூறு வீடுகளும் தங்களுக்குத் தெரிந்த நோயாளியைப் பற்றி உங்களிடம் சொல்லும். பணத்தைவிட அந்தத் தகவல் பெரிது.

முதல் செலவு கட்டிலும் காற்று மெத்தையும் சக்கர நாற்காலியுமாக இருக்கட்டும். கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். திரும்ப வாங்குவதில்தான் எல்லாக் குழுவும் தடுமாறுகிறது. ஆள் போன வீட்டில் கட்டிலைக் கேட்க நமக்கு வாய் வராது, கொடுக்க அவர்களுக்கு நினைவு வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருவர் போய், துக்கம் விசாரித்து, எதையும் கேட்காமல் திரும்பட்டும். பெரும்பாலும் வீட்டாரே ‘அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுங்கள்’ என்பார்கள். கேட்டு வாங்கியதைவிட இப்படித் திரும்பி வந்தவையே எங்கள் பதிவேட்டில் அதிகம்.

கேள்வி (மேலப்பாளையம்): எங்கள் ஊரில் ஜமாஅத் குழு, தேவாலயக் குழு, கோயில் குழு, இரண்டு கட்சிக் குழுக்கள் தனித்தனியாகப் போகின்றன. ஒரே வீட்டுக்கு மூன்று அரிசி மூட்டை, அடுத்த தெருவில் ஒன்றுமில்லை.

பதில்: அவர்களை ஒன்றாக இணைக்க முயலாதீர்கள், நடக்காது. பட்டியலை மட்டும் ஒன்றாக்குங்கள். மலப்புரத்தில் நேரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே ஜீப்பில் போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்த நிபந்தனை ஒன்றுதான்: வண்டியில் கொடி இல்லை, சட்டையில் சின்னம் இல்லை. பட்டியல் சுகாதார நிலையத்தில் இருக்கட்டும்; எந்தத் தெரு யாருக்கு என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் முன்னிலையில் குழுக்களே பிரித்துக்கொள்ளட்டும். நோயின் பெயர் அந்தப் பட்டியலில் வேண்டாம். வீடும் தேவையும் போதும்.

கேள்வி (திருநெல்வேலி, தொண்டு நிறுவன ஊழியர்): மாவட்ட அலுவலகத்தில் எண்ணிக்கை கேட்கிறார்கள். இத்தனை வீடு, இத்தனை சந்திப்பு என்று மாதாமாதம் கொடுக்கிறோம். வேறு எதைக் கணக்கிட வேண்டும்?

பதில்: சந்திப்பு எண்ணிக்கையைக் கேட்டால் சந்திப்பு கூடும், வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதும் ஒரு சந்திப்பாகிவிடும். அவர்கள் கேட்பதைக் கொடுங்கள், மறுக்க முடியாது. அதோடு உங்கள் தாளில் இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, வீட்டிலிருந்து அழைப்பு வந்த நாளுக்கும் யாராவது போய்ச் சேர்ந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்பது. இன்னொன்று, கேட்டும் செய்ய முடியாமல் போனது எது என்பது. எங்கள் தாளில் அந்தக் கடைசிப் பத்தியில் ஏழு மாதம் தொடர்ந்து ஒரே வரி வந்தது: ‘சனி, ஞாயிறில் குழாய் அடைத்துக்கொண்டால் ஆள் இல்லை.’ எட்டாம் மாதக் கூட்டத்தில் வட்டார மருத்துவ அலுவலர் அதை உரக்கப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முறைப்பணியில் இருக்கும் செவிலியரின் கைபேசி எண்ணைக் குழுவுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த எண் இப்போது ஒவ்வொரு வீட்டு நோட்டின் அட்டையிலும் ஒட்டியிருக்கிறது.