செட்டிநாட்டு வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: கேள்வி பதில்

கேள்வி (தேவகோட்டை): எங்கள் பூர்வீக வீட்டின் மூன்றாங்கட்டில், அடுப்படிக்கு மேல் ஓடு சரிந்த இடத்தில் ஐயா காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கிறார்கள். விரிசல் இல்லை. கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சிமெண்டோடு இறுகிக் கிடக்கும், மூச்சில் போனால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் நார், ஷீட்டை வெட்டும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் பெருமளவில் தூசியாகக் கிளம்புகிறது. விசேஷத்துக்கு வெள்ளையடிக்கும்போது கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டச் சொல்லாதீர்கள். நான் அஞ்சுவது ஷீட்டைவிட அந்தச் சுரண்டலைத்தான். வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு அரித்துப்போன ஷீட்டின் மேல் வடகம், வற்றல் காயவைப்பதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): எங்கள் ஷீட் உடைந்துவிட்டது, மறுபடி ஓடு வேயப்போகிறோம். சுத்தியலால் தட்டி இறக்கினால் அரை நாள் வேலை என்கிறார் கொத்தனார். சம்மதிக்கலாமா?

பதில்: கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் அகற்றிப் பழகிய ஆட்கள் கிடைத்தால் அவர்களிடமே விடுங்கள். உள்ளூர் ஆட்களே செய்வதானால், கீழே உள்ள பாத்திரங்களையும் சாமான்களையும் அப்புறப்படுத்தி, தரையில் கெட்டியான பாலித்தீன் விரித்து, வளவு (உள்முற்றம்) பக்கக் கதவை அடைத்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் சில துளி கலந்த நீரை, பீய்ச்சியடிக்காமல், ஷீட் முழுதும் நனையும்படி தெளிக்க வேண்டும். துருப்பிடித்த கொக்கி போல்ட்டுகள் திருகினால் வராது, ஷீட்டைத் தொடாமல் போல்ட்டை மட்டும் போல்ட் கட்டரால் துண்டித்து, ஷீட்டை முழுசாகவே தூக்கிக் கீழே கொடுக்க வேண்டும், போடக் கூடாது. ஷீட்டின் மேல் நேரடியாகக் கால்வைத்தால் அது உடைந்து ஆள் கீழே விழ நேரிடும் என்பதால், சட்டங்களின் மேல் பலகை போட்டே ஏற வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசிக்குத் தடையே ஆகாது. நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 தரத்து முகக்கவசம், மழித்த முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். இறுதியில் விளக்குமாறு எடுக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவோடு கட்டிவிடுங்கள். வேலைக்கு உடுத்திய துணியை வீட்டுத் துணிகளோடு துவைக்கக் கூடாது.

கேள்வி (கானாடுகாத்தான்): கழற்றிய ஷீட்டை ஆட்டுக்கொட்டகைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் மறுபடி பயன்படுத்துகிற நம் ஊர்ப் பழக்கம் நல்லதுதான். ஆனால் பழைய ஷீட்டை அளவுக்கு அறுக்காமலும் புதிதாகத் துளையிடாமலும் கொட்டகை போட முடியாது, அதனால் கொடுக்காதீர்கள். ஈரத்தோடு இரண்டு சுற்று பாலித்தீனில் பொதிந்து, மேலே ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதி ஒட்டி, அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பும் வழியை மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். கண்மாய்க் கரையிலோ குப்பைமேட்டிலோ கொட்டாதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): கடையில் இன்னமும் விற்கிறார்களே, அப்படியானால் ஆபத்தில்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தடை செய்துவிட்டது. இந்தியாவில் விற்பனைக்கு முழுத் தடை இல்லை, அவ்வளவே. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

கேள்வி (கோட்டையூர்): சிறுவயதில் ஷீட் அறையில்தான் படுத்தோம். இப்போது பரிசோதனை அவசியமா?

பதில்: முழுசான ஷீட்டின் கீழ் படுத்ததற்காக மட்டும் தேவையில்லை. அறுத்தும் துளையிட்டும் பல ஆண்டு வேலை செய்தவர்கள், நோய் தெரிய 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், மூச்சு வாங்கினாலோ விடாமல் இருமினாலோ நெஞ்சக மருத்துவரிடம் அந்தத் தொழிலைச் சொல்லியே காட்ட வேண்டும். புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது.