அவர் வரலைன்னா நான் மட்டும் கவுன்சிலிங் போலாமா?

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு மேடம். பணம் பத்தி பேச்செடுத்தாலே அவர் மொபைலை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவார், நானும் பின்னாடியே போய் கத்துவேன், அப்புறம் ரெண்டு நாளைக்கு பேச்சே இருக்காது. கவுன்சிலிங் போலாம்னு கூப்பிட்டா "எனக்கென்ன பைத்தியமா, வேணும்னா நீ போ"ங்கறார். ஒரு கை தட்டினா ஓசை வருமா மேடம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமா போங்கம்மா. உட்கார்ந்த இடத்துல இருந்து அவரை யாராலயும் மாத்த முடியாது, அது உண்மைதான். ஆனா நீங்க எழுதினதையே பாருங்க, அவர் விலக விலக நீங்க துரத்துறீங்க, துரத்த துரத்த அவர் இன்னும் விலகுறார், இதுல ஒரு பாதி உங்க கையில இருக்கே. மர்ரே போவென்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் குடும்பத்துல ஒரே ஒருத்தரை வச்சுக்கிட்டே குடும்பத்துக்கான கவுன்சிலிங் வேலையைச் செஞ்சிருக்கார்.

போறப்ப அவர் மேல இருக்கிற புகாரை மட்டும் மூட்டை கட்டிட்டுப் போகாதீங்க. கடைசியா வந்த ஒரு சண்டையை எடுத்துக்கிட்டு முதல்ல யார் என்ன சொன்னா, உங்களுக்கு எந்த வார்த்தைல நெஞ்சு படபடன்னு அடிச்சுது, மாடிப்படி ஏறும்போது மனசுல என்ன ஓடுச்சுன்னு சொல்லுங்க, அங்கதான் விஷயமே இருக்கு. இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐ தாண்டிட்டா எதிராளி சொல்றது மண்டையில ஏறாது, குறைஞ்சது 20 நிமிஷம் விட்டுத்தான் பேசணும்னு தம்பதிகளை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணின ஜான் காட்மேன் சொல்றார். அதனால அவர் மாடிக்குப் போறதே தப்புன்னு இல்ல, திரும்பி வந்து பேசாததுதான் பிரச்சினை. "போயிட்டு வாங்க, சாப்பிட்டப்புறம் பத்து நிமிஷம் பேசலாம்"னு கத்தாம சொல்றதை கவுன்சிலர் முன்னாடியே வாய்விட்டு சொல்லிப் பழகலாம்.

உங்க பக்கத்தை மட்டும் கேட்டுட்டு, அவரைப் பாக்காமலே "உங்க புருஷனுக்கு இந்த வியாதி, விட்டுட்டு வந்துடுங்க"ன்னு முதல் நாளே ஒருத்தர் சொன்னா வேற ஆளைப் பாருங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன், அடி உதை, மிரட்டல் இருந்தா மேல சொன்ன பாதிக்கணக்கு கிடையவே கிடையாது. அப்போ கவுன்சிலிங்குக்கு நீங்க தனியா போறதுதான் பாதுகாப்பு, பெண்களுக்கான உதவி எண் 181-க்கு உடனே போன் பண்ணுங்க. மத்தபடி மனசு ரொம்ப பாரமா இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு பேசுங்க, இலவசம்தான், தமிழ்லயே பேசலாம்.

வீட்டுக்கு வந்து "கவுன்சிலரே உங்க மேலதான் தப்புன்னு சொல்லிட்டாங்க"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. நாளைக்கு அவரே வர்றேன்னு சொன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து புதுசா ஒரு கவுன்சிலர்கிட்ட போங்க, உங்களோடவே இத்தனை நாள் பேசினவங்க முன்னாடி அவருக்கு மனசு திறக்கறது கஷ்டம்.