பலகைக்குக் கீழை ஐஸ்

அன்புள்ள அண்ணை,

வேலை முடிஞ்சு பஸ்ஸிலை வரேக்கை உங்கடை எழுத்தைத்தான் வாசிக்கிறனான். என்பிஏ எண்ட பாஸ்கெட்போல் லீக் தொடங்கின 1946-47 சீசனைப்பற்றி கொஞ்சம் தேடிப் பாத்தன். லீக் முழுக்க எறிஞ்ச பந்திலை 27.9 வீதம்தான் கூடைக்குள்ளை விழுந்திருக்கு. இண்டைக்கு ஹைஸ்கூல் பெடியளே அவையை வெண்டிடுவாங்கள். எங்கட ரொறன்ரோ ஹஸ்கீஸ் டீம் ஒரே சீசனோடை இழுத்து மூடிட்டுது. பகலிலை வேறை வேலை செய்து பின்னேரம் பந்தெறிஞ்ச ஆக்களை ஏன் இவ்வளவு கொண்டாடினம்? அப்ப லீக்கின்ரை பேரும் பிஏஏ (பாஸ்கெட்போல் அசோசியேசன் ஒஃப் அமெரிக்கா) தானே, அதை என்பிஏ கணக்கிலை சேர்க்கிறது நியாயமோ?

ஒரு வாசகர், மார்க்கம்

தம்பி,

களைச்சு வாற நேரத்திலையும் தேடி வாசிக்கிறீர், அது எனக்குச் சந்தோசம். கடைசிக் கேள்வியை முதல் முடிப்பம். 1949 ஆகஸ்டிலை பிஏஏயும் அதுக்கு முந்தியே இருந்த என்பிஎல் எண்ட மற்ற லீக்கும் சேர்ந்துதான் என்பிஏ எண்ட பேர் வந்தது, லீக் தன்ரை வயசை 1946இலை இருந்து எண்ணுது. எண்ணட்டும். அதிலை எனக்குச் சண்டை இல்லை.

சண்டை உம்மட 27.9இலை. நம்பர் சரி. ஆனா அந்த நம்பருக்குக் கீழை என்ன இருந்தது எண்டு பாத்தனீரோ? ஐஸ் இருந்தது தம்பி. லீக்கைத் தொடங்கினதே ஐஸ் ஹொக்கி அரங்கு வைச்சிருந்த முதலாளிமார், ஹொக்கி இல்லாத இரவிலை கட்டடம் சும்மா கிடக்குது எண்டு 1946 யூன் 6 நியூயோர்க்கிலை கூடி 11 டீம் போட்டவை, தலைவரா வந்த மொரிஸ் பொடலொஃப் அப்ப அமெரிக்கன் ஹொக்கி லீக்குக்கும் தலைவர். ஐஸை உருக்கித் திரும்பப் போட நேரமும் காசும் வேணும், அதாலை கனக்க இடத்திலை ஐஸுக்கு மேலையே பலகையை அடுக்கி விளையாட விட்டவை. சனம் குறைஞ்சா உள்ளை குளிர், சனம் கூடிச் சூடேறினா பலகை ஈரமாகும். ஓடேக்கை சறுக்கும். விறைச்ச விரலாலை பந்தை விட்டுப் பாரும், 27.9 எப்பிடி வருது எண்டு விளங்கும். அந்த வருசம் ஆட்டத்துக்குச் சராசரி 23.2 புள்ளி எடுத்த பிலடெல்பியா ஜோ ஃபல்க்ஸ், லீக்கிலையே முதலாள், அவரே நூறு எறிஞ்சா முப்பதுதான் போட்டவர். அவருக்கும் எறியத் தெரியாதோ?

இதை நான் புத்தகத்திலை படிச்சு மட்டும் சொல்லேல்லை. என்ரை பெரியண்ணை 91, 92இலை ரொறன்ரோ ஹொக்கி அரங்கு மேப்பிள் லீஃப் கார்டன்ஸிலை இரவு க்ளீனிங் செய்தவர். ஊரிலை அவர் கரப்பந்திலை அடிக்காரர், அவர் எழும்பினா வலைக்கு மேலை நெஞ்சு தெரியும் எண்டு சொல்லுவினம். ஹொக்கிக் காலத்திலை கச்சேரி வந்தா ஐஸுக்கு மேலை பலகை போட்டுத்தான் நடக்கும், அந்த இரவுகளிலை வேலை முடிஞ்சு விடிய அஞ்சு மணிக்கு வந்து படியிலை இருந்து சப்பாத்தைக் கழட்டுவார், உள்ளை ரெண்டு சோடி சொக்ஸ், அதையும் கழட்டிப்போட்டு பாதத்தை உள்ளங்கையாலை தேய் தேயெண்டு தேய்ப்பார். ஒருநாள் ஆரும் இல்லாத நேரம் விளக்குமாத்தைச் சாத்திவைச்சிட்டு, அந்தப் பலகையிலை அடிக்கிற மாதிரிக் கையை ஓங்கி எழும்பிப் பாத்தவராம். "ஊர்ச் சிமெந்து நிலம் எவ்வளவோ மேலடா, இது முழங்காலுக்குள்ளை வந்து குத்துது" எண்டார். அப்ப எனக்கு அது விளங்கேல்லை. ஃபல்க்ஸ் எழும்பி எறியிறவர் எண்டு கனகாலம் கழிச்சு வாசிச்ச இரவு அண்ணையின்ரை முழங்கால்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"பகலிலை வேறை வேலை செய்து" எண்டு எழுதியிருக்கிறீர். உந்தக் கதை இனி வேண்டாம். அவையிலை கனபேர் யுத்தம் முடிஞ்சு வந்த பெடியள், ஃபல்க்ஸும் மரீன் படையிலை இருந்தவர்தான். வயித்துப்பாட்டுக்கு இன்னொரு வேலை செய்தா ஆட்டம் குறைஞ்சிடுமோ? என்ரை அண்ணை விளக்குமாறு பிடிச்சதாலை கரப்பந்துகாரர் இல்லையெண்டு ஆகிட்டாரோ? இதை நீர் ஓம் எண்டால் எனக்கு இனிக் கடிதம் எழுதவேண்டாம்.

புள்ளி குறைஞ்சதுக்கு வேறை காரணமும் இருக்கு, 24 செக்கனுக்குள்ளை பந்தை எறியவேணும் எண்ட மணிக்கூடு 1954இலைதான் வந்தது, அதுமட்டும் முன்னுக்கு நிக்கிற டீம் பந்தை வைச்சுக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். அதை இன்னொரு நாள் எழுதுறன்.

ஹஸ்கீஸ் மூடினது உண்மை. 22 வெற்றி, 38 தோல்வி, நாலு கோச். ஆனா 1946 நவம்பர் 1, லீக்கின்ரை முதல் ஆட்டம் கார்டன்ஸிலைதான் நடந்தது, நியூயோர்க் 68, நாங்கள் 66. 7,090 பேர் வந்தவை. 6 அடி 8 அங்குலம் நின்ற ஹஸ்கீஸ் ஆட்டக்காரர் ஜோர்ஜ் நொஸ்ட்ராண்டை விட உயரமான ஆக்களுக்கு ரிக்கெட் இலவசம் எண்டு விளம்பரம் போட்டுச் சனம் சேர்த்தவை. எங்கட பக்கத்திலை விண்ட்சர்ப் பெடியன் ஹாங்க் பியசாட்டியும் இருந்தவர். ரெண்டே புள்ளியாலை போன ஆட்டம் அது தம்பி, அதை "இழுத்து மூடிட்டுது" எண்ட ஒரு சொல்லுக்குள்ளை அடக்காதேயும்.

கார்டன்ஸ் இப்ப சூப்பர்மார்க்கெட், நீரும் மரக்கறி வாங்கப் போயிருப்பீர். 25ஆம் வரிசையிலை நிலத்திலை ஒரு சிவப்பு வட்டம் இருக்கு, ஹொக்கி மைதானத்தின்ரை நடு அது. போன மாரியிலை அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனன். தள்ளுவண்டிலை ஓரமா விட்டிட்டு வட்டத்துக்கு மேலை ரெண்டு காலையும் வைச்சு நிண்டார், பின்னாலை ஒரு பொம்பிளை வண்டிலோடை வழி கேட்டுக்கொண்டு நிண்டா, அவர் அசையேல்லை. மேல்மாடியள் இப்ப பல்கலைக்கழகத்தின்ரை விளையாட்டு அரங்கு, இரண்டாம் தட்டிலை பாஸ்கெட்போல் கோர்ட், ஐஸ் அதுக்கும் மேலை மூண்டாம் தட்டிலை எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் முகட்டைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "அப்ப பெடியளுக்குக் கால் குளிராது" எண்டார்.