எந்த விரல் மரத்துப்போகிறது?

கேள்வி: தையல் வேலை செய்கிறேன், வயது 46. நள்ளிரவில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன், உதறினால் சரியாகிறது. ரத்த ஓட்டம் குறைவு என்றார்கள். ஆறு மாதமாகச் சத்து மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லை.

பதில்: எந்தெந்த விரல்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அம்மா. எனக்கு வேண்டியதே அதுதான். இன்றிரவு விழிப்பு வந்தால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். அது மட்டும் தப்பித்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்திருந்தால், பெரும்பாலும் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறது. கார்பல் டனல் நோய் என்பது இதுதான். கீழே எலும்புகள், மேலே தடித்த நார்ப்பட்டை; இடையிலுள்ள குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு இந்த நரம்பும் முண்டியடித்துக்கொண்டு போகிறது. தூக்கத்தில் மணிக்கட்டை மடித்துக்கொள்கிறோம். இடம் இன்னும் சுருங்குகிறது. சுண்டுவிரலின் நரம்பு அந்த வழிக்குள் நுழைவதே இல்லை. ரத்தம் குறைந்தால் கை வெளிறும், சில்லிடும். இப்படி விரல் பார்த்துப் பிடிக்காது.

மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் ஆறு வாரம் அணிந்து பாருங்கள். தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பரிசோதியுங்கள். கட்டைவிரலின் அடிமேடு வற்றினாலோ, ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினாலோ காத்திருக்க வேண்டாம். நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

கேள்வி: எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் மரக்கின்றன. கைப்பேசியில் நீண்ட நேரம் பேசினால் அதிகமாகிறது.

பதில்: அது அல்நார் நரம்பு. முழங்கை கதவில் இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதே, அது இந்த நரம்பின் வேலைதான். முழங்கையின் உட்புறக் குமிழுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கையை மடக்கியே வைத்திருந்தால் இழுபடும். இயர்போனில் பேசுங்கள். மேசையில் முழங்கையை ஊன்றாதீர்கள்.

கேள்வி: ஆறு வயது மகன் ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. காலையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். மாலையிலிருந்து விரல்கள் வீங்கி, ஓயாமல் அழுகிறான். புதுக்கட்டு அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

பதில்: இவர்களிடம் உடனே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கையின் முதன்மை ரத்தக்குழாய் அந்த எலும்புக்கு நேர் முன்னால் ஓடுகிறது. முறிவின் வீக்கம் உள்ளிருந்து அழுத்த, இறுகிய கட்டு வெளியிலிருந்து நெரிக்க, முன்கைத் தசைக்கு ரத்தம் நின்றுபோகிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகலாம். ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே இதை விவரித்துவிட்டார், இன்றும் பார்க்கிறோம்.

விரலை மெல்ல நிமிர்த்தினாலே குழந்தை அலறினால் அது அபாய அறிகுறி. நாடி துடிக்கிறதே என்று தேறுதல் அடையாதீர்கள். தசை சாகும்போதும் நாடி இருக்கலாம். கட்டின் எல்லாச் சுற்றையும் தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாட்டு வைத்தியக் கட்டு மட்டும்தான் குற்றவாளி என்று சொல்லவில்லை. மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதிதான்.

கேள்வி: அப்பாவுக்கு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யப் போகிறார்கள். அங்குள்ள ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் கை என்னாகும்?

பதில்: கைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள்: கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. இரண்டும் உள்ளங்கையில் வளைவுகளாக இணைகின்றன. ஒன்று அடைத்தால் மற்றது ஊட்டும். மணிக்கட்டு வழி ஆஞ்சியோ, கனடா மருத்துவர் லூசியன் காம்போ 1989-ல் வெளியிட்ட முறை. தொடை வழியை விட ரத்தக்கசிவு குறைவு. அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். பின்னாளில் டயாலிசிஸுக்கு அந்தக் குழாய் தேவைப்படலாம்.

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்தபோது இடது கையை ஊன்றினேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மூன்று வாரமாகியும் வலி போகவில்லை.

பதில்: கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்துங்கள். அதன் அடியில் மணிக்கட்டு ஓரமாக ஒரு குழி விழும். மூக்குப்பொடி வைத்து உறிஞ்சுவார்களே, அந்த இடம். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் படகு போன்ற ஸ்கேஃபாய்டு எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. அதனால்தான் 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கிறோம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்தே வருகிறது. இடையில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துப்போகலாம். நாளையே மறு எக்ஸ்ரே எடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. அதுவரை அந்தக் கையால் கிளட்ச் பிடிக்காதீர்கள்.